சம்பந்தியின் வண்டியும் ஓர் ஒடுக்கும்

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி ஜனாப் சர்புதீன் அவர்களுக்கு, கள்ளக்குறிச்சி மலைச்சரக்கு மண்டி அப்துல் ஜப்பார் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் மனைவி ஷர்புன்னிசாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் மூத்த மகளும் புதிதாகப் பிறந்திருக்கும் பேரப்பிள்ளையும் அதேபோல் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதாக நம் அப்சானா சென்னையிலிருந்து போனில் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ். தங்கள் மகன் சுபைரும் அவளும் நலம். இங்கே வெயில் தணிந்திருக்கிறது. கடுக்காய் வரத்து பரவாயில்லை. தங்கள் வண்டியும் சுகமே.

'தங்கள் வண்டியும் சுகமே' என்று எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். ஏனென்றால் அந்த வரியில் கொஞ்சம் விவரம் அடங்கியிருக்கிறது. வருகிற பதினாலாம் தேதி தாங்கள் வந்திறங்கி அந்த விவரத்தைத் தங்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால், என் கையால் எழுதிவிடுவதுதான் முறை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுதுவிட்டுத் தாங்கள் போன் செய்து 'வண்டி எப்படி இருக்கு?' என்று கேட்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறப்பேன். நான் 'அது வந்து சம்பந்தி' என்பேன். தாங்கள் 'ம்' என்பீர்கள். அந்த 'ம்'மைக் கேட்டதும் வந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விடும். வீடியோ காலில் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும். வாட்ஸப்பில் எழுதலாமென்றால் அந்த ரெண்டு கோடு நீலமாகிற வரைக்கும் எனக்கு உசுரு நிக்காது, நீலமான பிறகு சுத்தமா நிக்காது. ஆகவே, செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிற எதிர்க்கடைக்காரரின் தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் தாங்கள் திருக்கோவிலூரிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து எங்கள் ஷெட்டில் விட்டீர்களே, அதை நான் மறக்கவில்லை. சுபைருடைய சென்னை வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லை என்று காரணம் சொன்னீர்கள். ஆனால் எனக்குத் தெரியும். நம் பிள்ளைகளின் நிக்காஹ் அன்று தங்கள் பெரிய அண்ணனை எங்கள் ஆட்கள் அடையாளம் தெரியாமல் ரெண்டாவது பந்தியில் உட்கார வைத்துவிட்ட நாளிலிருந்து ரெண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு மாதிரி இருந்தது. அப்சானா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் பெற்றவனுக்குத் தெரியாதா? அதையெல்லாம் மறந்து, ரெண்டு வருஷம் யோசித்து வாங்கிய வண்டியை நம்பி என் வீட்டில் விட்டது தங்கள் பெரிய மனசு. அன்று தாங்கள் எங்களிடம் பேசியதைவிட வண்டியிடம் பேசியதுதான் ஜாஸ்தி. தோள் துண்டால் பானட்டைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "இது பிளக்-இன் ஹைபிரிட்டு, சம்பந்தி. கரண்டும் உண்டு, பெட்ரோலும் உண்டு. வூட்டு பிளக்கில சார்ஜ் போட்டா எண்பது கிலோமீட்டர் கரண்டிலயே ஓடும். அது தீந்தா பெட்ரோலுக்கு அதுவே மாறிக்கும். சும்மா மட்டும் நிக்கக்கூடாது. வாரத்துக்கு ஒருவாட்டி ஒரு சுத்து சுத்திட்டு வந்து வுடுங்க."

சம்பந்தி, 'ஒரு சுத்து' என்றால் எவ்வளவு தூரம் என்று தாங்கள் சொல்லவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்று குறித்து வைக்கிறேன்.

முதல் கஷ்டம் பிளக்கில் வந்தது. எலெக்ட்ரீசியன் தீனதயாளனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வீடு முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டு, "பாய், இந்தச் சாமானுக்குப் பதினஞ்சு ஆம்ஸ் பிளக்கு வேணும். உங்க வூட்ல அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, பெட்ரூம்ல, ஏசிக்கு" என்றார். புது லைன் இழுக்கலாம், ஆனால் சுவரை வெட்ட வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு அடித்த பெயிண்ட், கை வைக்கக் கூடாது என்று ஷர்புன்னிசா சுவருக்குக் குறுக்கே நின்றுவிட்டாள். கடைசியில் ஏசி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தங்கள் சார்ஜர் ஒயரை ஜன்னல் வழியாக ஷெட்டுக்கு விட்டோம். சித்திரை மாச வெயில் சம்பந்தி, கள்ளக்குறிச்சி வெயில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஏசியில் படுப்பதுதான் அவளுக்கு இருக்கிற ஒரே சொகுசு. "இன்னாங்க, இன்னிக்கு ஏசி எனக்கா அதுக்கா?" என்று கேட்பாள். "அதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு" என்பேன். "மாப்ள வந்து தங்கினாகூட இந்த கவனிப்பு கெடையாது" என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவாள். ஆனால் பாருங்க, மூணாவது வாரம் நான் மண்டியிலிருந்து வந்தால், ஜன்னலில் ஒயர் வெளியே போகிற சந்துக்குக் கொசு வராமல் பழைய துணி வைத்துத் தைத்திருக்கிறாள், வண்டிமேல் பல்லி விழாமல் எங்கள் கல்யாணத்துப் பெட்ஷீட்டைப் போர்த்தியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாவம், வாயில்லாத ஜீவன்" என்றாள்.

வாயில்லாத ஜீவன் என்பது சரிதான். முப்பது வருஷம் லோடு வேன் ஓட்டினவன் நான். வேன் ஸ்டார்ட் ஆனால் தெருவுக்கே தெரியும். இது ஸ்டார்ட் ஆச்சா ஆவலையான்னு உள்ள உக்காந்துகினு இருக்கற எனக்கே தெரியல. பட்டனை அமுக்கினேன், சத்தம் இல்லை. சரி ஆவலை போலன்னு மறுபடி அமுக்கினேன், அணைஞ்சிடுச்சு. இப்படியே நாலுவாட்டி. கிளட்ச் இல்லாததால் என் இடது காலுக்கு வேலை போய்விட்டது, அது பாட்டுக்குத் தேடிக்கினே இருக்கும். வாராவாரம் கச்சிராயபாளையம் வரைக்கும் போய், கோமுகி அணை ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவோம். ஷர்புன்னிசாவும் கூட வருவாள். கரும்புக் காட்டு ஓரம் நடந்து போகிறவர்கள் யாருக்கும் பின்னால் வண்டி வருவது தெரியாது. ஹாரன் அடிக்கலாம், ஆனா அப்படிப்பட்ட வண்டியில உக்காந்துகினு ஹாரன் அடிக்க எனக்குக் கூச்சமா இருந்தது. கண்ணாடியை இறக்கி, "அம்மா, கொஞ்சம் ஓரம்" என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு போனேன். ரெண்டு மாசம் பெட்ரோல் எஞ்சின் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சார்ஜ் முழுசா இருக்கும், கரண்டிலேயே போய்க் கரண்டிலேயே வருவோம். அந்த எஞ்சின் உள்ளே இருக்குது என்பதே எனக்கு மறந்து போச்சு. இதுதான் பிற்பாடு பெரிய கலாட்டாவுக்குக் காரணம்.

போன மாசம் ஒரு திங்கள்கிழமை மாதன் மண்டிக்கு வந்தார். மாதனைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர், இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சாமையும் கடுக்காயும் தேனும் கொடுப்பவர். நம் பிள்ளைகளின் நிக்காஹ் அன்று பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பிரியாணி தேக்சா கழுவினாரே, அவர்தான். வந்தவர் சரக்கு எதுவும் கொண்டுவரவில்லை. சும்மா நின்றார். "இன்னா மாதன்?" என்றேன். "வியாழக்கிழமை குமாருக்குக் கல்யாணம் பாய். பொண்ணு ஊர்ல. பேசி வெச்ச ஜீப்பு ஆக்ஸில் ஒடிஞ்சி படுத்துக்கிச்சி. வேற ஜீப்பு எதுவும் காலியா இல்ல. மாப்ளய டிராக்டர்ல வெச்சி இட்டுனு போவ சொல்றாங்க. பெரியம்மா அழுவுறா" என்றார். பெரியம்மா என்றது அவர் சம்சாரம் பெரியம்மாளை. வண்டியைக் கொடு என்று அவர் கேட்கவில்லை சம்பந்தி. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்காமலே திரும்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். ஷர்புன்னிசாவிடம் சொன்னேன். "வண்டி நம்மளோடது இல்லயே" என்றேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நம்ம அப்சானா கல்யாணத்துக்கு அவங்க பதினோரு பேரு வந்தாங்க. அன்னிக்கு பஸ்ஸு கெடையாது. ரெண்டு மூட்ட சாமைய தோள்ல தூக்கினு மலையில இருந்து நடந்தே எறங்கினாங்க. அவங்க எதுனா சொன்னாங்களா?" என்றாள். 'ஒரு சுத்து' என்று தாங்கள் சொன்னதை மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வெள்ளிமலை போய்ட்டு வந்தாலும் அது ஒரு சுத்துதான்.

வியாழக்கிழமை விடியற்காலை நானும் ஷர்புன்னிசாவும் கிளம்பினோம். மலை ஏற ஏற சார்ஜ் இறங்கியது. ஆனால் வண்டி, மாஷா அல்லாஹ், ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏறியது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரிக்காரர் நிறுத்தி, "இன்னா பாய், நியூட்ரல்ல ஏர்றீங்க?" என்று கேட்டார். மாதன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பெரியம்மாள் ஒரு சொம்பு சந்தனத்தோடு வந்தார். "கல்யாண வண்டி பாய். பொட்டு வெக்காம போவக்கூடாது. ஒண்ணும் தப்பில்லியே?" என்று கேட்டார். "சந்தனம்தானே, எங்க கல்யாணத்துலயும் பூசறதுதான், வைங்க" என்றேன். அவர் வைத்தார் சம்பந்தி. ரொம்ப அன்பா வெச்சார். முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார், வண்டியில் கண்ணு மாதிரி வட்டமா எதெல்லாம் இருந்ததோ அதுக்கெல்லாம் அப்பி வைத்தார். பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே சின்னதாக ஒரு கண் இருக்கிறதே, ரிவர்ஸ் காமிரா, அதுக்கும்.

மாப்பிள்ளை குமாரைத் தாங்கள் பார்த்ததில்லை. ஓசூரில் வண்டி கம்பெனியில் வேலை. மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்தவர் பொண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பாய், இது எத்தினி கிலோவாட் பேட்டரி?" என்று கேட்டார். எனக்கு இன்னா தெரியும். "நல்ல பேட்டரிப்பா" என்றேன். பொண்ணு ஊர் அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் மேட்டில் இருக்கிறது. ஊர் வாசலில் பந்தல், ரெண்டு பக்கமும் வாழை மரம், மேளம், ஆரத்தித் தட்டு எல்லாம் ரெடியாக இருந்தது. ஆனால் அவர்கள் ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் அவங்க முதுகுக்குப் பின்னால நின்னுட்டோம். யாருக்கும் தெரியல. குமார் கதவைத் திறந்து இறங்கிப் பக்கத்தில் போய் நின்றார். ஆரத்தித் தட்டு வைத்திருந்த அம்மா யதேச்சையாகத் திரும்பிப் பார்த்து, "ஐயோ!" என்று கத்தித் தட்டைக் கீழே போட்டுவிட்டார். மேளக்காரர் பீடியைக் கீழே போட்டார். பொண்ணுக்குத் தாய்மாமன் செல்லமுத்து என்று ஒருத்தர், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாப்ளன்னா ஊரக் கூட்டி வரணும். இது இன்னா, கோழி திருட வர்றாப்புல வந்து நிக்கறாரு? இப்பிடி வந்தா நாங்க எப்பிடி வரவேக்கறது? திரும்பிப் போயி சத்தமா வாங்க" என்றார். மாதன் என்னைப் பார்த்தார். எனக்கும் அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. ரெண்டாவது பந்தி விவகாரத்தில் பட்டவன் நான், எனக்குத் தெரியாதா பொண்ணு வூட்டுக்காரங்க, மாப்ள வூட்டுக்காரங்க ரோஷம்?

ஆகவே வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்தது நான்தான். திரையில் காமிரா படம் வந்தது. முழுக்க மஞ்சள். மலையில பனிமூட்டம் போல இருக்குதுன்னு நெனச்சேன். பின்னால் எடுத்தேன். டம் என்று ஒரு சத்தம். சம்பந்தி, அன்னிக்குக் காலையில இருந்து அந்த வண்டி போட்ட மொத சத்தம் அதுதான். வாழை மரத்துக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருந்த எல்லைக் கல்லில் இடித்து, பின்கதவின் இடது பக்கம், கீழ்ப்பகுதியில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒடுக்கு. இதுதான் அந்த விவரம். எழுதிவிட்டேன். இப்போது தாங்கள் தண்ணீர் குடித்துவிட்டு மேற்கொண்டு படிக்கவும்.

இறங்கிப் பார்த்தேன். என் கண்ணுக்கு அந்தக் கதவு தெரியவில்லை, அப்சானா முகம்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கம் ஊரே காத்துக்கொண்டிருக்கிறது. மாதன் ஒடுக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாய், என்னாலதானே" என்று ஆரம்பித்தார். "மொதல்ல கல்யாணம்" என்று சொல்லிவிட்டேன். மறுபடி ஏறி, ஹாரனை அமுக்கின கையை எடுக்காமல் பந்தல் வரைக்கும் போனோம். மேளம் அடித்தது, விசில் பறந்தது, செல்லமுத்து வந்து என் கையைப் பிடித்து, "இதான் பாய் கல்யாணம்" என்றார்.

அதோடு முடிந்ததா, இல்லை. சவுண்டு செட்டு கொளஞ்சியப்பன் பாட்டைப் போட்ட அஞ்சாவது நிமிஷம் கரண்டு போச்சு. முந்தின நாள் மழையில் எங்கேயோ மரம் விழுந்திருந்தது, சாயந்திரத்துக்குள் வராது என்றார்கள். பாட்டு இல்லாமல் தாலி கட்டுவதா என்று ஒரே பேச்சு. மணையில் உட்கார்ந்திருந்த குமார் எழுந்து வந்து என் காதில், "பாய், உங்க வண்டியில பிளக்கு இருக்கு. அதுல இருந்து கரண்டு எடுக்கலாம்" என்றார். "வண்டிக்குத்தானே கரண்டு குடுப்போம், வண்டி எங்க நமக்கு குடுக்கும்" என்றேன். அவர் மாலையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு, பின்கதவைத் திறந்து, பட்டு வேட்டியோடு உள்ளே தலையை விட்டார். பத்து நிமிஷத்தில் பாட்டு வந்தது, சீரியல் லைட்டு வந்தது, சமையல்கட்டில் கிரைண்டர் ஓடியது. மாப்பிள்ளையை மணைக்குத் திரும்ப அழைத்துப் போவதற்குள் பெரியம்மாளுக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. மாலை என் கழுத்தில் இருப்பதைப் பார்த்த ஒரு கிழவர் மாப்பிள்ளை நான்தான் என்று நினைத்து மொய்க்கவர் நீட்டினார். அதை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தாலி எடுத்துக் கொடுத்தார்கள். குமார் கையில் வாங்கினார். கெட்டி மேளம் என்று குரல் எழும்புகிற அந்த நேரம் பார்த்து, பந்தல் ஓரம் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்த வண்டி, யாரும் தொடாமல், தானாக, உர்ர்ர் என்று ஸ்டார்ட் ஆனது. உள்ள ஒருத்தரும் இல்ல! பந்தி இலைமேலேயே காலை வைத்து ஓடினார்கள். செல்லமுத்து வாழை மரத்தைக் கட்டிக்கொண்டார். ஊர்ப் பெரியவர், "பாய், வண்டிக்குள்ள யாரு?" என்று கத்தினார். நானே பயத்தில் ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்துவிட்டேன். குமார் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறார். அப்போது பொண்ணு சந்திரலேகா, அதுவரைக்கும் குனிந்த தலை நிமிராமல் இருந்த பெண், மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னது: "ஒண்ணுமில்ல. சார்ஜி கம்மியாயிடுச்சி, எஞ்சினு எடுத்துகினு இருக்கு. நீ கட்டு." குமார் கட்டினார். ஆறு மாசமாக அவர் அந்தப் பெண்ணிடம் போனில் பேசியதெல்லாம் பேட்டரியைப் பற்றித்தானாம், பிறகு பெரியம்மாள் சொன்னார். ரெண்டு மாசம் என் ஷெட்டில் என் ஏசி பிளக்கில் வளர்ந்த வண்டி எப்படி வேலை செய்கிறது என்பதை, மணையில் உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணு சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது மாதன் விடவில்லை. "நானே திருக்கோவிலூருக்கு வந்து அவருகிட்ட சொல்றேன் பாய். எம் புள்ள கல்யாணத்துல ஆனதுன்னு சொன்னா புரிஞ்சிக்குவாரு" என்று கண் கலங்கி நின்றார். வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சமாதானப்படுத்தினேன். தங்களுக்கென்று ரெண்டு பாட்டில் மலைத்தேன் கொடுத்தனுப்பினார். ரெண்டும் பத்திரமாக இருக்கிறது. ஒன்று பத்திரமாக இருக்கிறது. கூடவே ஒரு பலாப்பழம் வைத்தார்கள், அந்த வாசனை மட்டும் சீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு அதிசயம் பார்த்தேன். மேலேயிருந்து கிளம்பும்போது பதினெட்டு பர்சென்ட் இருந்த சார்ஜ், கீழே கச்சிராயபாளையம் வரும்போது முப்பது. யாரும் போடலை, அதுவா ஏறியிருக்கு! ஏறினா எறங்குது, எறங்கினா ஏறுது. சரிவுல வண்டி இறங்கற வேகத்தையே கரண்டா மாத்திக்குதாம். எனக்கு ஒடுக்கு விழுந்த துக்கத்திலும் சந்தோஷம் தாங்கவில்லை. அணைக்கட்டு ஓரம் நிறுத்தி, ஷர்புன்னிசாவும் நானும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷத்தில் நாங்கள் ரெண்டு பேரும் சும்மா அப்படி உட்கார்ந்தது கிடையாது. வேனில் எப்போதும் மூட்டை இருக்கும்.

அடுத்த நாளே டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் சுத்தியை எடுத்துக்கொண்டு ஜம்பமாக வந்தார், பானட்டைத் திறந்து உள்ளே ஆரஞ்சுக் கலரில் தடி தடியாக ஒயர் ஓடுவதைப் பார்த்தார், மெதுவாக மூடினார். "பாய், ஒடுக்கு பின்னாடி இருக்கலாம். ஆனா இது எங்க எங்க ஷாக் அடிக்கும்னு எனக்கு தெரியாது. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். ஆகையால் ஒடுக்கு விழுந்தது விழுந்தபடியே இருக்கிறது. ஷர்புன்னிசா அதன்மேல் பெட்ஷீட்டை ரெண்டு மடிப்பாகப் போர்த்தி வைத்திருக்கிறாள்.

சம்பந்தி, நடந்தது இவ்வளவுதான். கேட்காமல் மலைக்குக் கொண்டுபோனது என் தப்பு. பின்னால் பார்க்காமல் எடுத்தது என் தப்பு. கோபம் இருந்தால் வந்து என்னை நாலு வார்த்தை கேளுங்கள், நான் தலை குனிந்து நிற்கிறேன். அந்தக் கோபத்தில் ஒரு துளிகூட அப்சானா பக்கம் போக வேண்டாம். அவளுக்கு இது எதுவும் தெரியாது. இனி அந்த வண்டியை நான் தொடமாட்டேன். பதினாலாம் தேதி வரைக்கும் அது ஷெட்டிலேயே நிற்கும், சாவி பீரோவில் இருக்கும். இது சத்தியம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவருடைய சலாம். மூத்த மகளை நன்றாகச் சாப்பிடச் சொல்லவும். பேரப்பிள்ளை நீண்ட ஆயுசோடும் நல்ல குணத்தோடும், தாத்தாவின் பொறுமையோடும் வளர அல்லாஹ் அருள் புரிவானாக. தங்கள் பயணம் சுகமாக அமையட்டும். தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்து,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
அப்துல் ஜப்பார்.

பி.கு: அண்ணே, அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஷர்புன்னிசா. கவர ஒட்டச் சொல்லி எங்கையில குடுத்துட்டு இவரு மஃரிப் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருக்காரு. படிச்சிப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு, ஒண்ணத் தவிர. ரிவர்ஸ் எடுத்தது அவரு இல்ல, நான். அணை ரோட்ல வாராவாரம் ஓட்டினது நான்தான், அவரு பக்கத்துல உக்காந்துகினு வருவாரு. கிளட்ச்சு இல்லாத வண்டி, கத்துக்கறது சுலுவு. எல்எல்ஆரும் வாங்கிட்டேன். பொம்பள ஓட்டி இடிச்சான்னு தெரிஞ்சா சம்பந்தி வூட்ல இன்னா நெனப்பாங்களோன்னு அவரே தலையில போட்டுகினாரு. எனக்கு அது புடிக்கல. ஆனா அன்னிக்கு நான் பின்னாடி எடுக்கறப்ப கீழ நின்னுகினு 'வா, வா, எடம் கெடக்குது, வா'ன்னு கைய ஆட்டினது அவருதான். கல்லு இருந்த பக்கமே நின்னுகினு. அத எழுதாம வுட்டுட்டாரு பாருங்க. வண்டிய தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணதும் அவருதான், நான் இல்ல. வர வியாழக்கிழமை எனக்கு லைசென்ஸ் டெஸ்ட்டு, உங்க வண்டியிலதான் போறேன், கோச்சிக்காதீங்க. உங்க வூட்டு அண்ணிக்கு இது எல்லாம் முன்னாடியே தெரியும். வெள்ளிக்கிழமை நீங்க இவருகிட்ட பேசி முடிச்சதும் அண்ணி போன வாங்கினு உள் ரூமுக்குப் போறாங்களே, கொழந்தையப் பத்திப் பேசறோம்னா நெனச்சீங்க? நீங்க ஊருக்கு வந்ததும் அண்ணிக்கு நான் கத்துக்குடுக்கறதா பேச்சு. அண்ணிக்குப் பயம் கம்மி, என்னைவிட சீக்கிரம் கத்துக்குவாங்க. உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியல. அதனால நான் சொல்லிட்டேன். வண்டியோட இன்னொரு சாவி உங்க பையில இருக்குதாமே, அத இப்பவே அண்ணிகிட்ட குடுத்துடுங்க.